ட்ராலி ஜாக்கி தேர்வு: வீட்டு கராஜுக்கு வாங்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

ட்ராலி ஜாக்கி வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை டன்?" என்பதுதான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பதும் அதுதான். ஆனால் வாங்கிய ஜாக்கி பயன்படாமல் மூலையில் கிடந்தால், அதற்குக் காரணம் டன் குறைவாக இருப்பது அபூர்வம். ஒன்று, வண்டிக்கு அடியில் நுழையாது. நுழைந்தால், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டை வைக்கிற உயரத்துக்குத் தூக்காது. தூக்கினால் அந்தத் தரையில் உருளாது. இந்த மூன்றையும் ஒரு டேப்பும் கால் மணி நேரமும் இருந்தால் கடைக்குப் போகும் முன்பே தீர்த்துக்கொள்ளலாம்.

இங்கே பார்ப்பது கார், சிறிய வேன், எஸ்யூவி போன்ற வண்டிகளை வீட்டிலேயே தூக்கி டயர், பிரேக் பேட், ஆயில் மாற்ற நினைப்பவர்களுக்கான ஹைட்ராலிக் ட்ராலி ஜாக்கி. ஃப்ளோர் ஜாக்கி என்பதும் இதுவே. வண்டியோடு கொடுக்கும் சிசர் ஜாக்கி வழியில் பஞ்சரானால் ஸ்டெப்னி மாட்டுவதற்கு மட்டும்தான். பாட்டில் ஜாக்கி கனமான சுமையைத் தூக்கும், ஆனால் அதன் அடித்தட்டு குறுகலானது. முழுக்க இறங்கிய நிலையிலேயே பல மாடல்கள் 180 மி.மீ.க்கு மேல் நிற்கும் என்பதால் காருக்கு அடியில் நுழைப்பதே பாடு. உயரமான பிக்கப், லாரி ஆக்சில்களுக்கு அது சரி.

உள்ளே என்ன நடக்கிறது

கைப்பிடியை அடிக்கும்போது ஒரு சிறிய பம்ப் பிஸ்டன் எண்ணெயைப் பெரிய சிலிண்டருக்குள் தள்ளுகிறது. தள்ளிய எண்ணெய் திரும்பி வராமல் ஒருவழி வால்வு தடுக்கிறது. பெரிய பிஸ்டன் நகர்ந்து தூக்கும் கையை மேலே தள்ளுகிறது. கைப்பிடியைத் திருகினால் ரிலீஸ் வால்வு திறந்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும், வண்டி இறங்கும். தாங்கும் எடைக்கு மேல் ஏற்றினால் திறந்துகொள்ளும் ஒரு பாதுகாப்பு வால்வும் உண்டு. அது தொழிற்சாலையிலேயே செட் செய்து அடைத்தது, அதைத் தொடவே கூடாது.

வாங்குகிறவர் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. தூக்கும் கை ஒரு அச்சில் சுழல்கிறது. அதனால் அதன் நுனியில் இருக்கும் சேடில், அதாவது வண்டியைத் தொடும் வட்டத் தட்டு, நேர்க்கோட்டில் மேலே போவதில்லை. வில்போல வளைந்து கைப்பிடிப் பக்கமாகப் பின்வாங்கிக்கொண்டே ஏறுகிறது. முழு உயரத்துக்குப் போகும்போது இந்தப் பின்வாங்கல் 100 மி.மீ.க்கு மேல் இருக்கும், நீளமான கை கொண்ட ஜாக்கியில் இன்னும் அதிகம். ஆகவே தூக்கும்போது ஒன்று ஜாக்கி வண்டிக்கு அடியில் முன்னோக்கி உருள வேண்டும், அல்லது வண்டி ஜாக்கிப் பக்கம் நகர வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் சேடில் தூக்குமிடத்திலிருந்து வழுக்கும். ஜாக்கிக்குச் சக்கரம் வைத்திருப்பது தள்ளிக்கொண்டு போகும் வசதிக்காக மட்டுமல்ல. சக்கரமும் தரையும் பற்றிக் கீழே இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் வண்டியை அளக்க வேண்டும்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் சரியான காற்று இருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் இரண்டுக்கும் எடுக்க வேண்டும். தாழ்ந்த வண்டி ஜாக்கியின் குறைந்தபட்ச உயரத்தையும், உயர்ந்த வண்டி அதிகபட்ச உயரத்தையும் முடிவுசெய்யும்.

முதல் அளவு, பக்கவாட்டில் தூக்குமிடத்தின் உயரம். பெரும்பாலான கார்களில் கதவுகளுக்குக் கீழே இரண்டு தகடுகள் சேர்த்து வெல்டு செய்த விளிம்பு நீளமாக ஓடும். அதில் முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் சிறு வெட்டுகளோ அடையாளமோ இருக்கும். தரையிலிருந்து அந்த இடம் வரை அளங்கள். 180 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

அதிலிருந்து பஞ்சருக்காகக் கழிக்க வேண்டும். 185/65 டயரின் பக்கச்சுவர் சுமார் 120 மி.மீ. உயரம். காற்று முழுக்கப் போனால் அந்த மூலை 60, 70 மி.மீ. வரை இறங்கிவிடும். அப்போது 180 என்பது 110 ஆகிறது. சேடிலின் மேல் ரப்பர் பேட் வைத்தால் அதற்கும் 15 முதல் 25 மி.மீ. போகும். ஆக, 130 அல்லது 140 மி.மீ. குறைந்தபட்ச உயரமுள்ள சாதாரண ஜாக்கி, டயரில் காற்று இருக்கும்வரை நன்றாக வேலை செய்து, பஞ்சரான அன்று கைவிட்டுவிடும். தாழ்ந்த கார்களுக்கு என்று விற்கும் லோ புரொஃபைல் வகை 75 முதல் 100 மி.மீ.க்குள் படுக்கும். காற்று போன டயரை 25 மி.மீ. பலகை மேல் மெல்ல ஏற்றிக் கொஞ்சம் இடம் சம்பாதிக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்ய வேண்டியிருந்தால் தவறான ஜாக்கி வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

இரண்டாவது அளவு, நடுத் தூக்குமிடம். முன்பக்கத்தில் எஞ்சினுக்குக் கீழே குறுக்காகப் போகும் கிராஸ் மெம்பர், பின்பக்கத்தில் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) உறை அல்லது பின் கிராஸ் மெம்பர். எல்லா வண்டியிலும் இவை தூக்க ஏற்றவை அல்ல. வண்டிக் கையேட்டில் காட்டியிருந்தால் மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே மூன்று அளவு தேவை: தூக்குமிடத்தின் உயரம், பம்பரின் கீழ் விளிம்பின் உயரம், பம்பர் விளிம்பிலிருந்து தூக்குமிடம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது. ஜாக்கியின் மூக்கு 80 மி.மீ.க்குப் படுத்தாலும், அதன் பின்பாகத்தில் கைப்பிடி சொருகும் இடம் அதைப்போல இருமடங்கு உயரம் இருக்கலாம். தூக்குமிடம் 700 மி.மீ. உள்ளே இருந்து, ஜாக்கியின் தாழ்ந்த மூக்குப் பகுதி 400 மி.மீ. நீளம்தான் என்றால், சேடில் இடத்தை எட்டும் முன்பே பின்பாகம் பம்பரில் முட்டும். விவரத்தாளில் மொத்த நீளம் போட்டிருப்பார்கள், இந்த மூக்கு நீளத்தைப் போட மாட்டார்கள். கடையில் நீங்களே அளக்க வேண்டியதுதான்.

கைப்பிடியையும் மறக்க வேண்டாம். ஜாக்கி அடியில் ஆழமாகப் போனபின் கைப்பிடி பம்பரில் இடித்தால், ஓர் அடிக்கு முழு வீச்சு கிடைக்காது. குட்டி குட்டியாக அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு உயரம் தூக்க வேண்டும்: ஒரு கணக்கு

புதியவர்கள் ஏமாறும் இடம் இது. "350 மி.மீ. வரை தூக்கும்" என்று படித்தால் தாராளமாகத் தெரியும். ஆனால் அந்த 350 தரையிலிருந்து சேடில் வரையான உயரம். வண்டி அவ்வளவு எழும் என்று எண்ணிவிடக் கூடாது. 200 மி.மீ. உயரத்தில் இருக்கும் கிராஸ் மெம்பரை அது 150 மி.மீ.தான் உயர்த்தும்.

அந்த 150-லும் ஒரு பங்கு சஸ்பென்ஷனுக்குப் போகிறது. பாடியைத் தூக்கும்போது ஸ்பிரிங் விரிந்து சக்கரம் கீழே தொங்கும். பல கார்களில் பாடி 100 மி.மீ. அளவுக்கு எழுந்த பிறகுதான் டயர் தரையை விடும். சஸ்பென்ஷன் நீண்ட எஸ்யூவிகளில் இன்னும் கூடுதல். பின்னால் முழு ஆக்சில் உள்ள வண்டியில் ஆக்சிலையே தூக்கினால் இந்த நஷ்டம் கிடையாது.

அடுத்தது நெம்புகோல் கணக்கு. முன் கிராஸ் மெம்பரில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டை முன்கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் வைப்பதுதான் வழக்கம். வண்டி அப்போது பின்சக்கரத்தை மையமாக வைத்துச் சாய்கிறது. ஜாக்கி பின் ஆக்சிலிலிருந்து 2500 மி.மீ. தூரத்திலும், ஸ்டாண்டு வைக்கும் விளிம்பு 2000 மி.மீ. தூரத்திலும் இருந்தால், ஜாக்கி ஏறும் உயரத்தில் 80 சதவீதம்தான் விளிம்புக்குக் கிடைக்கும்.

இப்போது எண்களைப் போட்டுப் பாருங்கள். 2, 3 டன் ஸ்டாண்டுகள் பலவற்றின் குறைந்தபட்ச உயரம் 270 முதல் 300 மி.மீ.க்குள் இருக்கும். 290 என்று எடுத்துக்கொள்வோம். ஸ்டாண்டை உள்ளே தள்ள 20 மி.மீ. இடைவெளி சேர்த்தால் விளிம்பு 310-க்கு வர வேண்டும். இப்போது 180-ல் இருக்கிறது, எனவே 130 மி.மீ. எழ வேண்டும். அதற்கு ஜாக்கி 130-ஐ 0.8-ஆல் வகுத்து, சுமார் 163 மி.மீ. ஏற வேண்டும். கிராஸ் மெம்பர் தொடக்கத்தில் 200-ல் இருந்ததால் சேடில் 363 மி.மீ.க்குப் போயாக வேண்டும். அதாவது 350 மி.மீ. ஜாக்கி ஸ்டாண்டின் மிகத் தாழ்ந்த நிலைக்குக்கூடப் போதவில்லை. அடியில் படுத்து வேலை செய்ய வசதியாக ஸ்டாண்டை 380-ல் வைக்க விரும்பினால், இதே கணக்கில் ஜாக்கி 475 மி.மீ. எட்ட வேண்டும்.

உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும், கணக்கின் வழி இதுவேதான். போதாத உயரத்தைச் சேடிலின் மேல் மரத்துண்டுகளை அடுக்கி ஈடுகட்டுவது வேண்டாம். தூக்கும்போது வண்டி சாயும், அடுக்கு சரியும். சேடிலுக்கென்றே தயாரிப்பாளர் கொடுக்கும் நீட்டிப்புத் துண்டு, குழிக்குள் இறங்கிப் பொருந்துமானால், அது வேறு விஷயம்.

டன் கணக்கு எளிது

1600 கிலோ கார் ஒன்றின் முன்பக்கம் மொத்த எடையில் 60 சதவீதம் என்றால் 960 கிலோ. ஒரு பக்க மூலையைத் தூக்கும்போது பாதி எடைக்கு மேல் ஜாக்கியில் வராது. எனவே சாதாரண காருக்கு 2 டன் தாங்கும். எடை 2000 கிலோவைத் தாண்டும் எஸ்யூவி, பேட்டரி காரணமாகக் கனத்த மின்சார கார்கள், சாமான் ஏற்றிய வேன் இவற்றுக்கு 3 டன் எடுங்கள்.

3 டன் ஜாக்கியைப் பரிந்துரைப்பதற்கு எடையைவிட வேறு காரணம் உண்டு. அதன் சட்டம் நீளமும் அகலமும் கூடியது, கை நீளமானது, 500 மி.மீ. வரை போகும் மாடல்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் கிடைக்கின்றன. பாதிச் சுமையில் வேலை செய்யும் ஜாக்கியின் கைப்பிடியை அடிப்பதும் லேசு.

அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த ஜாக்கியில் டன் என்பது 2000 பவுண்டு, அதாவது 907 கிலோ. அந்தக் கணக்கில் "2 டன்" என்பது 1814 கிலோ, "3 டன்" என்பது 2722 கிலோ. பெயர்த் தகட்டில் கிலோவில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். தகட்டில் கிலோவும் இல்லை, எந்தத் தரநிலையின் எண்ணும் இல்லை என்றால் தள்ளிவிடுங்கள். ஐரோப்பிய ஈஎன் 1494, அமெரிக்க ஏஎஸ்எம்இ பேஸ், ஆஸ்திரேலியா-நியூசிலாந்தின் ஏஎஸ்/என்இசட்எஸ் 2615 ஆகியவை இந்த வகைச் சாதனங்களுக்கான தரநிலைகள்.

ஸ்டீலா அலுமினியமா, எந்தச் சக்கரம்

3 டன் ஸ்டீல் ஜாக்கி பொதுவாக 30 முதல் 45 கிலோ. அலுமினியத்தில் அதே அளவு 25 கிலோவை ஒட்டி வரும்; 1.5 டன் அலுமினிய ஜாக்கி 15 கிலோவுக்குள் அடங்கும். ஒரே இடத்தில் வைத்து உருட்டித்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஸ்டீலே நல்லது: விலை குறைவு, அடி தாங்கும், கெட்டுப்போனால் பெரும்பாலும் வளைவாகக் கண்ணுக்குத் தெரியும். படி ஏற்ற வேண்டும், வண்டியில் எடுத்துப்போக வேண்டும் என்றால் அலுமினியத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். அதில் கையின் அச்சுப் பகுதியையும் போல்ட் துளைகளையும் அவ்வப்போது துடைத்து, மயிரிழை விரிசல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கச் சட்டம் அலுமினியம், தூக்கும் கை ஸ்டீல் என்று இரண்டும் கலந்த வகையும் உண்டு. பல வீடுகளுக்கு அதுவே போதும். 8 முதல் 12 கிலோ எடையில் பிளாஸ்டிக் பெட்டியோடு வரும் 2 டன் குட்டி ஜாக்கி டயர் மாற்ற உதவும், ஆனால் மேலே போட்ட உயரக் கணக்கில் அது தோற்றுவிடும்.

சக்கரத்தைத் தரையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வழவழப்பான கான்கிரீட்டில் ஸ்டீல் சக்கரம் நன்றாக உருளும். எபாக்சி பூசிய தரையையும் டைல்ஸையும் அது கீறும், சுமையோடு உருண்டால் டைல் உடையவும் செய்யும். அங்கே நைலான் அல்லது பாலியூரித்தேன் சக்கரம். வெயிலில் இளகிய தார்த் தரையில் எந்தச் சக்கரமும் அமிழும். மண், சரளை, இடைவெளி விட்டுப் பதித்த கற்கள், இவற்றின் மேல் ஜாக்கி உருளவே உருளாது. குறைந்தது 18 மி.மீ. கனமுள்ள ப்ளைவுட் பலகை ஒன்றை ஜாக்கியின் நான்கு சக்கரமும் நின்று, முன்னே 200 மி.மீ.யாவது உருள இடம் இருக்கும்படி போட வேண்டும். சுமையில் பலகை வளைந்தால் அதுவும் உருளலைத் தடுக்கும், எனவே அடியில் மண் இளக்கமாக இருந்தால் இரண்டு பலகை.

முன்சக்கரங்களின் அகலத்தையும் பாருங்கள். நூல்கண்டு போன்ற குறுகிய சக்கரத்தைவிட அகலமான உருளை, கான்கிரீட்டில் உள்ள கோடுகளைச் சிரமமில்லாமல் தாண்டும்.

சேடில், கைப்பிடி, பம்ப்

சேடில் 100 மி.மீ.க்குக் குறையாத விட்டமும், ஓரத்தில் எழும்பிய பற்களும் உள்ளதாக இருக்கட்டும். வெறும் சேடிலைத் தகட்டு விளிம்பின் கீழ் கொடுத்தால் விளிம்பு மடங்கும், பெயிண்ட் உதிரும், அங்கிருந்து துரு தொடங்கும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேட் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். பள்ளத்துக்குள் விளிம்பு உட்கார்ந்து, எடை அதன் இரு பக்கமும் உள்ள தடித்த பகுதியில் விழ வேண்டும். பள்ளம் ஆழமில்லாவிட்டால் பேட் பயனில்லை.

கைப்பிடி நீளமாக, 1.1 மீட்டருக்கு மேல் இருந்தால் அடிப்பதும் எளிது, இறக்கும்போது வண்டியிலிருந்து தள்ளி நிற்கவும் முடியும். சொருகும் இடத்தில் திருகாணியோ பூட்டு ஊசியோ இருக்க வேண்டும். ஜாக்கியை இழுக்கும்போது கைப்பிடி கையோடு வந்துவிடுவது எரிச்சல் மட்டுமில்லை, இறக்கும்போது வழுக்கினால் ஆபத்து. கைப்பிடியைச் சுற்றி நுரை உறை இருந்தால் காரின் பெயிண்ட் தப்பிக்கும்.

இரட்டைப் பிஸ்டன் பம்ப் என்று சிலவற்றில் போட்டிருக்கும். சுமை இல்லாதபோது நாலைந்து அடியிலேயே சேடில் வண்டியைத் தொட்டுவிடும். வசதிதான், ஆனால் தூக்குமிடத்தை நெருங்கும்போதும் அதே வேகத்தில் ஏறும். கடைசி 20 மி.மீ.யை நிதானமாக அடித்து, சேடில் எங்கே படுகிறது என்று குனிந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ரிலீஸ் வால்வுக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்போம். கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மெல்ல இறங்கத் தொடங்கி, இன்னும் கொஞ்சம் திருப்பினால் வேகம் படிப்படியாகக் கூட வேண்டும். இறங்கவே இறங்காமல் இருந்து ஒரே அடியாகப் பொத்தென்று விழும் ஜாக்கி, ஸ்டாண்டின் மேல் வண்டியை மெல்ல உட்கார வைக்க விடாது. சுமையில்லாமல் கடையில் இதைச் சோதிக்க முடியாது. சேடிலின் மேல் ஒருவர் கையை ஊன்றி அழுத்த, இன்னொருவர் திறந்து பார்த்தால் ஓரளவு தெரியும்.

ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கி வாங்காதீர்கள்

ஜாக்கி தூக்குவதற்கு. தாங்குவது ஸ்டாண்டின் வேலை. ஒரு சீல் கிழிந்தாலோ, ஒருவழி வால்வில் ஒரு துகள் சிக்கினாலோ ஜாக்கி இறங்கும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் கை, கால், தலை எதுவும் போகக் கூடாது. பணம் ஓர் அளவுக்குத்தான் இருக்கிறது என்றால் ஜாக்கியில் ஒரு படி இறங்கி, ஒரு ஜோடி நல்ல ஸ்டாண்டோடு வாங்குங்கள்.

ஸ்டாண்டில் அச்சிட்ட டன் ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பாருங்கள். ஜோடிக்கு 3 டன் என்றால் ஒன்று 1.5 டன்தான் தாங்கும். பல்லும் கொக்கியுமாகப் பூட்டும் ரேச்செட் வகை வேகமானது; துளையில் ஊசி சொருகும் வகை மெதுவானது, ஆனால் பூட்டியிருக்கிறதா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. 2020-ல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான ரேச்செட் ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பல்லும் கொக்கியும் போதிய ஆழத்துக்குப் பூட்டாமல் சுமையோடு சரியும் வாய்ப்பு இருந்தது. ரேச்செட்டோடு கூடுதலாக ஊசியும் போடும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

முதல் தூக்கு

புதிய ஜாக்கியை வண்டிக்கு அடியில் தள்ளும் முன் காற்று எடுக்க வேண்டும். பெட்டியில் சாய்ந்தும் கவிழ்ந்தும் வந்ததில் எண்ணெயோடு காற்று கலந்திருக்கும். ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்து, கைப்பிடியை முழு வீச்சில் பத்துப் பதினைந்து முறை அடியுங்கள். வால்வை மூடிச் சுமையில்லாமல் மேல்வரை ஏற்றி இறக்குங்கள். கைப்பிடி மெத்தென்று துள்ளாமல் ஒவ்வொரு அடிக்கும் சேடில் ஒரே அளவு ஏற வேண்டும். ஏறாவிட்டால் மறுபடி செய்யுங்கள்.

1. வண்டியைச் சமமான, உறுதியான தரையில் நிறுத்துங்கள். மழைநீர் ஓடச் சாய்வு கொடுத்த கராஜ் தரையும் சாய்வுதான். பந்து வைத்தால் உருளுகிறதா பாருங்கள்.

2. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கம் தூக்கினால் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் தூக்கினால் அந்த ஹேண்ட்பிரேக் காற்றில் தொங்கும் சக்கரத்தைத்தான் பிடித்திருக்கும். கியரில் விட்டுவிட்டோம் என்றும் நம்பி இருக்க முடியாது: எஞ்சின் ஓட்டும் சக்கரங்களில் ஒன்று தரையை விட்டதும், டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுழலவிட்டு வண்டியை உருளவிடும். கட்டை மட்டுமே எல்லா நிலையிலும் நிற்கும்.

3. டயர் கழற்றப் போகிறீர்கள் என்றால் வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய வண்டியில் ஸ்பேனரை மிதித்துத் தள்ளுவது அதை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடுவதற்குச் சமம்.

4. ஜாக்கியைத் தூக்குமிடத்துக்கு நேர் கீழே, உருளும் திசையில் தடையில்லாமல் வையுங்கள். ஆயில் சம்ப், கியர்பாக்ஸ் அடித்தட்டு, ரேடியேட்டர் தாங்கி, ஸ்டியரிங் ராடு, தரைத் தகடு, மின்சார காரின் பேட்டரிப் பெட்டி ஆகியவற்றில் ஒருபோதும் கொடுக்க வேண்டாம். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் ஜாக்கி மோடு (வண்டி தன் உயரத்தைத் தானே மாற்றுவதை நிறுத்தும் வசதி) இருந்தால் முதலில் அதைப் போடுங்கள்.

5. சேடில் தொட்டதும் நிறுத்திப் பாருங்கள். சரியாக நடுவில் பட்டிருந்தால் டயர் தரையை விடும்வரை தூக்கி மறுபடி நிறுத்துங்கள். ஜாக்கியின் சக்கரங்கள் உருளுகின்றனவா, வண்டி ஒரு பக்கம் சாய்கிறதா, சேடில் நகர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஜாக்கி உருளாமல் அதன் பின்சக்கரம் மட்டும் எழும்பினால் இறக்கிவிட்டுத் தரையைச் சரிசெய்யுங்கள்.

6. ஸ்டாண்டுகளை இரண்டு பக்கமும் ஒரே பல்லில் அல்லது துளையில் வைத்து, கால் சுற்றுத் திறந்து மெல்ல இறக்குங்கள். எடை ஸ்டாண்டில் விழுந்தபின் பம்பர் மூலையைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அடியில் போகும் முன்பே ஆடட்டும். ஜாக்கியைத் தூக்குமிடத்தில் லேசாகத் தொட்டபடி விட்டுவைக்கலாம். கழற்றிய சக்கரத்தை விளிம்புக்குக் கீழே படுக்க வையுங்கள்.

இறக்கும்போது அடியில் கிடக்கும் ஸ்பேனர், எண்ணெய்த் தட்டு எல்லாவற்றையும் முதலில் எடுங்கள். நட்டுகளைத் தூக்கிய நிலையில் கையால் முறுக்கி, தரையில் இறக்கியபின் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு, அதாவது முறுக்கு விசை அளவுக்கு, முறுக்கி முடியுங்கள்.

முதல் முறையே ஜாக்கியின் தாங்கும் திறனையும் சோதித்துவிடலாம். ஸ்டாண்டுக்கு 10 மி.மீ. மேலே வண்டியைத் தூக்கி நிறுத்தி, சேடில் உயரத்தை அளந்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கோளாறு எங்கே

அடித்தாலும் எழவில்லை என்றால் முதலில் ரிலீஸ் வால்வு முழுக்க மூடியிருக்கிறதா பாருங்கள், பல புகார்கள் அங்கேயே முடியும். கொஞ்சம் எழுந்து நின்றுவிட்டால் எண்ணெய் குறைவு. கைப்பிடி துள்ளினால் காற்று. சுமையில் மெல்ல இறங்கினால் வால்வு இருக்கையில் அழுக்கு அல்லது சீல் தேய்ந்திருக்கிறது. எண்ணெயை வடித்து மாற்றினால் அழுக்கு மட்டும் என்றால் சரியாகிவிடும். இறக்கினாலும் கை கீழே வரவில்லை என்றால் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும் அல்லது அச்சில் கிரீஸ் வற்றியிருக்கும்.

எண்ணெய் ஊற்றும்போது கை முழுக்க இறங்கியிருக்க வேண்டும். ஏற்றி வைத்து நிரப்பினால் இறக்கும்போது மிச்சமெல்லாம் வெளியே பீய்ச்சும். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை போதும். ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில், பொதுவாக ஐஎஸ்ஓ விஜி (எண்ணெயின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண்) 22 அல்லது 32, எது என்று கையேடு சொல்லும். பிரேக் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும், எஞ்சின் ஆயில் குளிரில் கட்டியாகி வால்வுகளைச் சோம்பலாக்கும்.

பயன்படுத்தாதபோது கையை முழுக்க இறக்கி வையுங்கள். பிஸ்டன் எண்ணெய்க்குள் இருக்கும்வரை துரு பிடிக்காது. வெளியே நீட்டிக்கொண்டு ஈரத்தில் நின்றால் அதில் விழும் சிறு குழிகள், அடுத்த முறை இறங்கும்போது சீலை அரம்போல அறுக்கும். பழைய ஜாக்கி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தப் பிஸ்டனைத்தான். அதற்கடுத்து கையின் வெல்டு, சட்டத்தில் முறுக்கு, பின்சக்கரங்களின் ஆட்டம், அடியில் எண்ணெய்க் கசிவு. சீல் கிட் கிடைக்கும் மாடல் என்றால் கசிவை மன்னிக்கலாம். வளைந்த கையையும், யாரோ மறுபடி வெல்டு செய்த சட்டத்தையும் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.